புது வீட்டு முதல் குளியலும் ஓர்ப்படியின் உடோனும்

குளத்து நீர் மேலாகக் கண்ணாடி போல உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரிக் காலை. எண்பத்தெட்டுக் கோயில்களையும் நடந்தே சுற்றும் யாத்திரிகர் ஒருவர், வெள்ளை அங்கியும் ஓலைத் தொப்பியுமாகக் குமகிச்சி வீட்டு வாசலில் நின்று கைமணியை ஆட்டினார். சின்ன மருமகள் தொமியே அவரை உள்ளே கூப்பிட்டு அடுப்பங்கரையில் உட்கார வைத்தாள். மனிதருக்கு விரல்களெல்லாம் பனியில் வெடித்திருந்தன. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. குச்சியைப் பிடித்துச் சாப்பிட அந்த விரல்களால் ஆகாது. தொமியே ஒரு கிண்ணம் நிறைய வெந்நீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"சாமி, உடோன் இன்னும் வேகலை. அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருங்க. கீழ வைக்க இடமில்லை," என்றாள்.

உடோன் என்கிற அந்தக் கோதுமை இழை எப்போதோ வெந்துவிட்டது. அலசி, மூங்கில் தட்டில் சுருள் சுருளாக அடுக்கி, அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை மறைத்தபடி நின்றுகொண்டு அடுப்பை ஊதுவது போல ஊதினாள். அவருடைய விரல்கள் சூடேறி மெல்ல நிமிர்ந்த பிறகுதான் "ஆச்சு, வெந்துடுச்சு" என்று சாற்றை ஊற்றிக் கொண்டுவந்தாள். அந்த மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் மூத்த மருமகள் ஷிகெனோ சறுக்குக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி சீவிய முள்ளங்கி. புண்ணியம் செய்கிறாளே என்று மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. 'இது எனக்கு ஏன் தோணாம போச்சு?' என்பதுதான் அவள் நினைத்தது. அவள் கண்ணில் முதலில் பட்டிருந்தால் அவளும் உடோன் கொடுத்திருப்பாள், இன்னும் அதிகமாகவே கொடுத்திருப்பாள். ஆனால் அந்த வெந்நீர் அவளுக்குத் தோன்றியிருக்காது. அதுதான் பொறுக்கவில்லை.

தொமியே இந்த வீட்டுக்கு வந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

சானுகிச் சமவெளி மழை கண்டு வாழும் பூமி இல்லை. ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எங்கு பார்த்தாலும் குளம்தான். நெல் ஒரு போகம் எடுத்து, அதன் தாளிலேயே கோதுமை விதைப்பார்கள். கோதுமை மாவை இழையாக்கிச் சாற்றில் போடும் இந்த வித்தையைச் சீன தேசத்திலிருந்து ஓதாய்ஷி மகான் கொண்டுவந்தார் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அவர் பிறந்த ஊர் கூப்பிடு தூரத்தில்தான். படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். ஆனால் மலைக்கோயில் திருவிழாவை வரைந்த பழைய ஓவியத் திரை ஒன்றில் முன்னூறு வருஷத்துக்கு முன்பே உடோன் கடைகள் இருக்கின்றன, ஒருவன் மாவு தேய்க்கிறான். கல்யாணமா, கருமாதியா, நடவு முடிந்ததா, பெட்டி தூக்கி வந்த உறவுக்காரனா, எல்லாவற்றுக்கும் உடோன். மாவு மிதிக்கத் தெரியாத பெண்ணை இந்தப் பக்கம் கட்டிக்கொள்ள யோசிப்பார்கள்.

ஷிகெனோ தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே குமகிச்சி வீட்டாரை மாவு மிதித்துத்தான் கவிழ்த்தாள். உப்பு நீர் தெளித்துப் பிசைந்த மாவைத் துணியில் சுற்றி, மேலே கோரைப் பாயைப் போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குதிகாலால் சின்னச் சின்ன அடியாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும். அப்பம் போல விரிந்ததும் மடித்து மறுபடி மிதிக்க வேண்டும். மூன்று தரம், நான்கு தரம். அவள் மிதித்த மாவு காது மடல் போல இருக்கும். அதை ஓய வைத்து, உருளையில் சுற்றித் தேய்த்து, மடித்து வெட்டி, பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டால் இழை ஒவ்வொன்றும் மீன் குஞ்சு போலத் துள்ளும். மாமியார் கண் மூடும்வரை "என் மூத்தவ கால்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு இளையவன் நொபோருவுக்குத் தீவிலிருந்து பெண் எடுத்தார்கள். தொமியே. ஆறு பெண்களில் நாலாவது. அந்தத் தீவில் கோதுமை கிடையாது, நெல் கிடையாது, மீன்தான். வந்த முதல் மாதம் மாவின்மேல் ஏறி நிற்கப் பயந்தாள்.

"அக்கா, சாப்பிடற பொருளை மிதிக்கலாமா? சாமி கண்ணைக் குத்தாது?"

"பாய் இருக்குல்ல, துணி இருக்குல்ல. கும்பிட்டுட்டு ஏறு. உங்க தீவுல மீனை எப்படிக் காய வைக்கிறீங்க? மடியில வச்சுத் தாலாட்டியா?"

அவளுக்கு மிதிக்கக் கற்றுக்கொடுத்தது ஷிகெனோதான். தேய்க்கவும் வெட்டவும் கூட. தொமியேவின் இழை ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் வரும். அந்த வரைக்கும் ஷிகெனோ நிம்மதியாகவே இருந்தாள். சின்னவள் சாற்றில் கை வைத்த அன்றுதான் எல்லாம் மாறியது.

பிறந்த வீட்டிலிருந்து மூட்டையாக நெத்திலிக் கருவாடு வந்திருந்தது. வெள்ளிக் காசு போல மின்னும். தொமியே ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுத்து எறிந்தாள். ஒரு துண்டு கடற்பாசியோடு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற விட்டாள். காலையில் அந்தத் தண்ணீரை மெல்லச் சூடாக்கி, கொதி வருவதற்குள் பாசியை எடுத்து, நுரையை வழித்து வழித்துக் கொட்டி, வடிகட்டி, உப்பும் வெளிர் சோயா சாஸும் விட்டாள். பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஷிகெனோவும் அப்படியேதான் செய்வாள், கறுப்பு எடுப்பதைத் தவிர. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் அன்று மாமனார் குமகிச்சி ஒரு வாய் குடித்துவிட்டு மேலே பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் குடிச்சது என்னது?" என்றார் கிழவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷிகெனோவும் சிரித்தாள். அந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிப்போனது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் அதுவே. தான் பரிமாறிய கிண்ணத்தில் சாறு மிச்சம் இருக்கிறது, சின்னவள் பரிமாறியது காலியாக வருகிறது. பக்கத்து வீட்டு மாத்ஸுயோ "சின்னவளை ஒரு நாள் எங்க வீட்டுக்கு அனுப்பேன்" என்கிறாள். தன் புருஷன் தமொட்சுவே ஒரு நாள் வயலிலிருந்து வந்து, "இன்னைக்கு யார் வச்சது?" என்று குச்சியைத் தூக்குவதற்கு முன்னால் கேட்டான்.

"யார் வச்சா என்ன? வாய் உங்களோடதுதானே?"

"சும்மா கேட்டேன்டி."

"சும்மா கேட்கற கேள்வியா இது? சின்னவன் பொண்டாட்டி வச்சதுன்னா ரெண்டு கிண்ணம், நான் வச்சதுன்னா ஒண்ணா?"

"சரி, ரெண்டும் வை," என்றான் அந்த அப்பாவி.

அதிலும் கொடுமை, தொமியேவிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். யாராவது புகழ்ந்தால், "அக்கா மிதிச்ச மாவு, அதான்" என்று தள்ளிவிடுவாள். ஷிகெனோ காலையில் வீட்டுப் பூஜை அறையில் சோறும் தண்ணீரும் வைத்துக் கை கூப்பும்போது, 'அவளை நல்லா வை' என்றுதான் வாய் சொல்லும். மனசு கூடவே, 'ஆனா என்னைவிட ஒரு படி கீழ வை' என்று சேர்த்துக்கொள்ளும்.

பழைய வீட்டின் தூண்களைக் கரையான் தின்றுவிட்டதால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பக்கத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். ஜூலைத் தொடக்கத்தில், நடவு முடிந்து புதுக் கோதுமையில் உடோன் செய்யும் நாளிலேயே குடிபோவது என்று முடிவானது. புது வீடு என்றால் புதுக் குளியல் தொட்டி. முதல் முதலாக வெந்நீர் போட்டதும் வீட்டின் மூத்தவர் அதில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே உடோன் சாப்பிட வேண்டும். இழை நீளமாக, தடிமனாக இருந்தால் அவர் ஆயுசும் அப்படி என்பது இங்கத்திய வழக்கம். அந்தக் கிண்ணத்தை வைப்பது வீட்டு மூத்த மருமகளின் பாத்தியதை. ஷிகெனோ அதற்காகப் புது ஏப்ரன் கூடத் தைத்து வைத்திருந்தாள்.

நான்கு நாள் முன்பு சாப்பாட்டு வேளையில் குமகிச்சி சொன்னார், "தொட்டியில சின்னவ கையால சாப்பிடறேன். எழுபத்தெட்டு வயசுல நல்ல சாறு குடிச்சிட்டுப் போறேன்."

"மாமா, அது அக்காதான் செய்யணும்," என்றாள் தொமியே உடனே.

"அக்கா கோவிச்சுக்க மாட்டா. என்னம்மா ஷிகெனோ?"

"எனக்கென்ன மாமா. அன்னைக்கு நூறு வேலை கிடக்கு. அவளே செய்யட்டும்," என்றாள் ஷிகெனோ. சொல்லும்போது கையிலிருந்த ஊறுகாய்த் துண்டு இரண்டாகப் போனது.

கோதுமை மாவுக்கு உப்பு நீர் கரைப்பதில் ஒரு கணக்கு உண்டு. கொளுத்தும் வெயில் காலத்தில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர். கடுங்குளிரில் ஒன்றுக்கு ஆறு. நடுவில் ஐந்து. வெயிலில் மாவு இளகும், உப்புதான் அதை இறுக்கிப் பிடிக்கும். இந்தக் கணக்கு மூத்தவள் கையில் இருந்தது. ஜாடியில் உப்பு நீர் கரைத்து வைப்பது எப்போதும் ஷிகெனோ, அதை எடுத்துப் பிசைவது யாராக இருந்தாலும் சரி. தீவுக்காரி அதில் தலையிட்டதே இல்லை.

குடிபோகும் நாள் விடியற்காலை ஷிகெனோ ஜாடியின் முன்னால் குந்தி ஒரு கிண்ணம் உப்பைப் போட்டாள். மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் யோசித்தாள். நான்காவதை ஊற்றினாள். பிறகு ஐந்து, ஆறு. கை தயங்கக்கூட இல்லை. பெரிய கேடு செய்ய நினைக்கவில்லை. இழை கொஞ்சம் துவண்டு போகட்டும், 'சாறு அவளுடையது, மாவு என்றால் மூத்தவள்தான்' என்று நாலு பேர் வாயில் வரட்டும். அவ்வளவுதான்.

தொமியே மாவின்மேல் ஏறி நின்றதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, இன்னைக்கு இது சோம்பேறியா இருக்கே. மிதிச்சா எழுந்துக்க மாட்டேங்குது."

"புதுக் கோதுமை அப்படித்தான் இருக்கும். மிதி."

"காலோட ஒட்டுற மாதிரி..."

"அங்க பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க. மாவோட பேசிக்கிட்டு நிப்பியா?"

அவள் மிதித்தாள். தேய்த்தாள். வெட்டினாள். கொப்பரையில் போட்டதும் இழைகள் துள்ளவில்லை, படுத்துவிட்டன. தொமியே அகப்பையால் அந்த வேகும் தண்ணீரை ஒரு வாய் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தாள். கடலோரத்தில் வளர்ந்த நாக்கு. அவள் தலை மெல்லத் திரும்பி மூலையிலிருந்த ஜாடியைப் பார்த்தது. ஷிகெனோ வெங்காயத்தாள் நறுக்குவது போலக் குனிந்துகொண்டாள். வேறு மாவு பிசைய நேரமில்லை, கிழவர் தொட்டியில் இறங்கிவிட்டார்.

குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, உறவும் அக்கம்பக்கமும் முற்றத்தில் நின்றார்கள். குமகிச்சி தலையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, ஆவிக்கு நடுவில் செக்கச் செவேலென்று உட்கார்ந்திருந்தார். கிண்ணம் மிதக்கும் பலகைமேல் வந்தது. குச்சியால் இழையைத் தூக்கினார். பாதி வழியில் அறுந்தது. இன்னொன்றைத் தூக்கினார், அதுவும் அறுந்து, 'தொபக்' என்று சாற்றில் விழுந்தது. நாலாவது துண்டு குளியல் தண்ணீரிலேயே விழுந்தது.

"இது என்னடா, உடோனா புழுக்குட்டியா?" என்றார் கிழவர். முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மாத்ஸுயோ சிரிக்கவில்லை.

"முதல் குளியல்ல அறுந்து போச்சே," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

சிரிப்பு நின்றது. இப்போது தொமியே சொல்லிவிடுவாள், ஜாடியைக் காட்டிவிடுவாள் என்று ஷிகெனோ காத்திருந்தாள்.

"தப்பு என்னோடது மாமா," என்றாள் தொமியே. "வெயில்ல உப்பு எவ்வளவுன்னு தீவுக்காரிக்கு இன்னும் பிடிபடலை."

"மூத்தவகிட்ட கேட்டிருக்கக் கூடாது?"

"கேட்டிருக்கணும்."

"சரி விடு. இழைதானே அறுந்துச்சு, சாறு அறுந்து போகலையே!" என்று கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்து குடித்தார் குமகிச்சி.

ஷிகெனோ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அன்று முதல் விசேஷ வீடுகளில் மாவு மிதிக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த ஜெயிப்பில் ருசியே இல்லை. பழியைக்கூட அழகாக வாங்கிக்கொண்டாளே, அதிலும் என்னை முந்திவிட்டாளே என்று அவளுக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

அடுத்த பிப்ரவரியில் குமகிச்சிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதே நாளில் போய்விட்டார். எழுபத்தொன்பது வயசு என்பது குறைந்த வயசு இல்லை. ஆனால் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வந்த பெண்கள் அடுப்படியில் தலையைத் தலையை ஆட்டினார்கள். "அன்னைக்கே தெரியும். தொட்டியில அறுந்துச்சே." அதன் பிறகு ஊர்ப் பொதுச் சமையலுக்குத் தொமியேவைக் கூப்பிடுவதை மெல்ல நிறுத்தினார்கள். கல்யாண வீட்டில் அவள் கரண்டியைத் தொட்டால் யாராவது சிரித்தபடியே வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சாற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்த மாத்ஸுயோவே அப்படிச் செய்தாள்.

ஒரு வார்த்தை போதும். ஷிகெனோ நாக்கை அசைத்தால் போதும். தினமும் காலையில் மாமனார் படத்துக்கு முன்னால் சோறும் தண்ணீரும் வைத்து, இன்று சொல்கிறேன் என்பாள். ஒரு தடவை ஓதாய்ஷி கோயில் வரை நடந்து போய், ஊதுபத்தி முழுக்க எரிந்து தீரும்வரை நின்று, திரும்பி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது தொமியே அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்கு வயிறு பிளந்துகொண்டிருந்தாள். "அக்கா, கால் வலிக்குதா? வெந்நீர் வச்சுத் தரட்டா?" என்றாள். அந்த வெந்நீர் என்கிற சொல்லைக் கேட்டதும் ஷிகெனோவுக்கு அன்று யாத்திரிகருக்குக் கொடுத்த கிண்ணம் நினைவுக்கு வந்தது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். "வேண்டாம்," என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை வருஷம் அப்படியே போனது. நொபோருவுக்கு ஒசாகாவில் ஒரு நெசவாலையில் வேலை கிடைத்தது. ஊர்ப் பேச்சு தாங்காமல் போகிறார்களா, வேலைக்காகத்தான் போகிறார்களா என்று ஷிகெனோவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

தகமட்சு துறையில் கப்பல் நின்றிருந்தது. போகிறவர்கள் மேல்தளத்தில் நின்று வண்ணக் காகிதச் சுருளை வீசுவார்கள், வழியனுப்ப வந்தவர்கள் அதன் நுனியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்கள் இருவரும் மூட்டைகளோடு முன்னால் போய்விட்டார்கள். தொமியே இன்னும் ஏறவில்லை, கையில் மஞ்சள் சுருளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அக்டோபர் காற்றில் அவள் தலைத்துணி பறந்தது. ஊரை விட்டுப் போகிற அன்றுகூட இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறாளே என்று ஷிகெனோவுக்குக் கடைசியாக ஒரு தடவை எரிந்தது. எரிந்த கையோடு அழுகையும் வந்துவிட்டது.

"தொமியே, அந்த உப்பு... ஆறு கிண்ணம் தண்ணி ஊத்தினேன். நான்தான். வேணும்னேதான். ஊருக்குப் போய்ச் சொல்றேன், மாத்ஸுயோகிட்டேயே சொல்றேன். மாமா படத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். உன்கிட்டதான்..."

"தெரியும் அக்கா. வேகற தண்ணியைக் குடிச்சப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டி வாயை மூடிக்கிட்டு இருந்தே? என்னை எதுக்குக் காப்பாத்தினே?"

கப்பல் ஒரு தரம் ஊதியது. தொமியே அவள் கையில் சுருளின் நுனியைத் திணித்து விரல்களை மூடிவிட்டாள். முகத்தில் ஒரு வெட்கம். அத்தனை வருஷத்தில் ஷிகெனோ அவள் முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணும் உங்களைக் காப்பாத்தலை அக்கா. எங்க வீட்டுல ஆறு பொண்ணு. அழகும் என்கிட்ட இல்லை, கெட்டிக்காரத்தனமும் இல்லை. பொறந்ததுலேருந்து ஒருத்தரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது கிடையாது. உங்களை மாதிரி ஒருத்தி, ஊரே கால் கால்னு கொண்டாடற ஒருத்தி, என்னைப் பார்த்து உப்புல கை வைக்கிற அளவுக்குப் போயிட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்குள்ள அவ்வளவு சந்தோஷம். வெளிய சொன்னா போயிடுமேன்னு வச்சுக்கிட்டேன். ஊர் பேசினது வலிச்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அடுப்படிக்கு வந்து உங்க மூஞ்சியைப் பார்த்தா ஆறிடும்."

இரண்டாவது ஊதல் கேட்டது. அவள் ஓடிப்போய் ஏறினாள். மேல்தளத்துக்கு வந்ததும் கம்பியில் சாய்ந்து, காற்றை மீறிக் கத்தினாள்:

"அக்கா, ஒசாகாவுல என்னைப் பார்த்துப் பொறாமைப்பட யாரு இருக்கா? சுத்தமா விட்டுடாதீங்க, கொஞ்சம் மிச்சம் வச்சிருங்க!"